முக்கா ரெண்டு சுற்று

என் கணவர் அந்தக் காரை வாங்கியதற்கு ஒரே காரணம், மலிவாகக் கிடைத்தது. விற்க நினைத்ததற்கும் ஒரே காரணம், அது ஒழுங்காக ஓடவில்லை. நடுவில் நான் ஒருத்தி அந்த வண்டி மீது பைத்தியமாகிப் போனேன் என்பதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜனக்புரியில் குடியிருந்தோம். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டில்லிக்கு வந்து, ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தவள். என் மாமனார் வாலிப வயதிலேயே அரசு குமாஸ்தாவாக டில்லிக்கு வந்துவிட்டவர். அதனால் என் கணவரும் அவருடைய தங்கையும் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தார்கள். மாமனார் இருந்தவரை வீட்டில் நெல்லைத் தமிழ் ஒலித்தது. அவர் போன பிறகு அண்ணனும் தங்கையும் தங்களுக்குள் பேசுவதெல்லாம் இந்திதான். என் கணவர் தூக்கத்தில் உளறுவதுகூட இந்தியில். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் என்னோடு தமிழ் பேசுவாள். ஆனால் முதலில் இந்தியில் யோசித்து, அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி எடுத்து வைப்பாள். "மதினி, எனக்கு தலையில வலி ஆகிட்டு இருக்கு" என்பாள். நான் சிரித்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கார், சாணக்யபுரியில் இருந்த ஒரு வெளிநாட்டு அதிகாரியுடையது. ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். வட ஐரோப்பாவில் செய்தது. பாசிப் பச்சை நிறம். பின்பக்கம் ஆங்கிலத்தில் 'டர்போ' என்று எழுதியிருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத்தான் வண்டியின் பெயர் என்று நினைத்தார்கள். டர்போ என்றால், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றி, அதனால் இன்னும் அதிகக் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கும் இந்தச் சாமர்த்தியத்தைக் காரோடு வந்த புத்தகத்தில் படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்ற பெண்கள் அட்டை போட்ட நாவல் படிக்கும் நேரத்தில் நான் அந்தப் புத்தகத்தைத்தான் படித்தேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் நின்ற மற்ற கார்களில் பெட்ரோல் கார்புரேட்டர் வழியாகப் போகும். இதில் இன்ஜெக்டர்கள். விரல் நீளத்துக்கு நாலு பித்தளைக் குழல்கள், சிலிண்டருக்கு ஒன்று. பெட்ரோலைப் பொடிப்பொடியாகத் தூவுவது அவற்றின் வேலை. எங்கள் வண்டியில் அவை தூவவில்லை, ஒழுகின. ஏற்றத்தில் வண்டி நொண்டும். சிக்னலில் நின்றால் குலுங்கி அணையும். ஒரு நாள் தௌலா குவான் ரவுண்டானாவில் என் கணவருடைய மேலதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அணைந்து போனது. மேலதிகாரி இறங்கித் தள்ளினாராம். அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாயாபுரிக்குப் போய், பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக விற்கும் ஒரு கபாடிக்காரரிடம் விலை பேசிவிட்டு வந்தார்.

நான் விடுவேனா? சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், பசித்ததால் அதைக் கைவிட்டேன். கடைசியில் நாத்தனார்தான் வழி கண்டுபிடித்தாள். அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பெண்களுக்கான கார் ராலி நடக்கவிருந்தது. சாணக்யபுரியில் கிளம்பி, மெஹ்ரௌலி, குர்காவ் தாண்டி சோஹ்னா வரை போய்த் திரும்ப வேண்டும். "பையா, நானும் மதினியும் அதுல ஓடுறோம். முடிச்சுட்டு வந்தா வண்டி நம்மது. நடுவுல நின்னுட்டா கபாடிக்காரனுக்கு" என்று அண்ணனிடம் சொன்னாள். எப்படியும் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் அவர் "அச்சா" என்றார். கபாடிக்காரரையும் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வண்டியைக் கட்டி இழுத்துப் போகக் கயிற்றோடு வரச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைய ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டேன்.

இன்ஜெக்டர் டில்லியில் கிடைக்கவில்லை. காஷ்மீரி கேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். படத்தைப் பார்த்துவிட்டு, இது விமானத்துக்கா என்று ஒருவர் கேட்டார். ஜெர்மனியில் வேலை பார்த்த என் சித்தப்பா மகனுக்கு எழுதினேன். அவன் விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில் டில்லியில் இறங்கி, கம்பளி சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்த நாலு புது இன்ஜெக்டர்களையும் அவற்றுக்கான ரப்பர் வளையங்களையும் கொடுத்தான். ஊரில் கொடுக்க வாங்கிய சாக்லெட்டையும் எனக்கே தந்துவிட்டுப் போனான். சாக்லெட்டை நாத்தனார் பிரித்தாள், நான் சாக்ஸைப் பிரித்தேன். நாலும் பளபளவென்று இருந்தன. என் கல்யாண நகைப் பெட்டியைத் திறந்தபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

ராலிக்கு முந்தின நாள், சனிக்கிழமை. அரை நாள் வங்கி முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன். திலக் நகரில் பட்டறை வைத்திருந்த சர்தார்ஜி வந்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் பேச்சில் உலகத்தில் அவர் கழற்றாத எஞ்சினே கிடையாது. ஆனால் ஆளைக் காணவில்லை. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கிவிட்டேன்.

பழைய இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு ரப்பர் வளையத்தின் பிடியில்தான் நின்றன. பிடித்து அசைத்து இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும் என்றது புத்தகம். வரவில்லை. வளையங்கள் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. நானும் நாத்தனாரும் மாற்றி மாற்றி இழுத்தோம். முதலாவது 'ப்ளக்' என்று வந்தபோது அவள் அப்படியே பின்னால் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். புதியவற்றைக் குழாய்களில் முறுக்கினேன். ஆனால் எஞ்சினுக்குள் செருகுவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும். ஒரே அளவான நாலு கண்ணாடிப் பாத்திரங்களில் நாலையும் தனித்தனியாகத் தூவ விட்டு, மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஏட்டி, அந்த டீ கிளாஸ் நாலையும் எடுத்துட்டு வா. புதுசு எடு, கோடு போட்டதுல்லா, அது."

"அது விருந்தாளிக்கு வாங்கினது மதினி!"

"இதும் விருந்தாளிதாம்ட்டி. ஜெர்மனியில இருந்துல்லா வந்திருக்கு."

பக்கத்து வீட்டு வர்மாஜி பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தார். பெட்ரோல் வேலை நடக்கிறது, பீடியை அணையுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். என் இந்தியில் அது 'உங்களை அணைத்துவிடுவேன்' என்று வந்திருக்க வேண்டும். மனிதர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பம்பை ஓட விட்டு, காற்று நுழையும் இடத்தில் இருந்த வட்டத் தகட்டை மெதுவாகத் தூக்கினேன். முதலில் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். நாலு கிளாஸுக்குள்ளும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் புகை கிளம்பினாற்போல் பெட்ரோல் தூவியது. கூடவே நாலும் 'ங்ஙீ' என்று ஒரே சுருதியில் பாடின. நல்ல இன்ஜெக்டர் பாடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எழுதியவர் சும்மா சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். தகட்டை விட்டதும் சட்டென்று நின்றது. இன்ஜெக்டர்களின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு இல்லை. நாலு கிளாஸையும் வரிசையாக வைத்துக் குனிந்து பார்த்தோம். மட்டம் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்தது. நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

செருகி முடிக்கும் நேரம் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. சர்தார்ஜி போனில் இருக்கிறார். என் கையெல்லாம் பெட்ரோல். அவர் பேசும் வேகத்துக்கு என் இந்தியும் ஈடு கொடுக்காது. நாத்தனாரை அனுப்பினேன். போன சுருக்கில் திரும்பி ஓடி வந்தாள். மச்சினன் கல்யாணமாம், பானிபட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். மீதி வேலையை நாங்களே செய்துகொள்ள வேண்டுமாம்.

"மீதி என்ன வேலை? அப்படியே சொல்லு."

"வண்டி சும்மா நிக்கிறப்ப எஞ்சினுக்கு காத்து விடுற ஸ்க்ரூ இருக்குல்ல, அதை முழுசா மூடணும். அப்புறம் முக்கா ரெண்டு சுத்து திறக்கணும். வேற எதுலயும் கை வைக்கக் கூடாது. அவ்ளோதான்."

முக்கா ரெண்டு. இவள் தமிழ் எப்போதும் முன்பின்னாகத்தான் வரும் என்பதால், ரெண்டே முக்கால் என்று மனசுக்குள்ளேயே திருத்திக்கொண்டேன். ஸ்க்ரூவை மூடி, ரெண்டே முக்கால் சுற்று திறந்தேன். சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது! ஒரு இருமல் இல்லை, குலுங்கல் இல்லை. எஞ்சின் ஓங்கிய குரலில் உறுமியது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே அந்த உறுமல். சுற்று காட்டும் முள் எங்கள் வண்டியில் எப்போதோ செத்துப் போயிருந்ததால் எவ்வளவு வேகம் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நாங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டோம். புது இன்ஜெக்டர், வண்டிக்கு வலு வந்துவிட்டது, அவ்வளவுதான். வர்மாஜிகூட ஜன்னலைத் திறந்து "வாஹ்!" என்றார். என் கணவர் மட்டும் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, இதை நாளைக்கு யார் நிறுத்துவது என்று கேட்டார். பொறாமை என்று நினைத்தோம்.

மறுநாள் காலை சாணக்யபுரியில் பளிச்சென்ற வெயில். சல்வாரும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்திருந்த பெண்களுக்கு நடுவில் காஞ்சி பருத்திச் சேலையோடு நான். ராலி என்றால் எல்லோரையும் முந்தி ஓடுவது அல்ல. இத்தனை நேரத்துக்கு இந்த இடம் என்று கணக்கு. முன்னால் போய்ச் சேர்ந்தாலும் மார்க் போகும், பின்னால் போனாலும் போகும். நாத்தனார் வழியும் நேரமும் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் ஓட்ட வேண்டும். கொடி இறங்கியது. கிளட்சை விட்டேன். வண்டி பாய்ந்தது.

பாய்ந்தது நிற்கவே இல்லை. காலை எடுத்தாலும் போய்க்கொண்டே இருந்தது. நகரத்துக்குள் மெதுவாகப் போக வேண்டிய பகுதி. ஒவ்வொரு ரவுண்டானாவிலும் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக அழுத்தினேன்.

"மெதுவா மதினி! நாம ரொம்ப முன்னாடி இருக்கோம்!"

"நானா போறேன்? வண்டில்லா போகுது!"

வழியில் மேஜை போட்டு நேரம் குறிக்கும் இடத்துக்குக் கன்ட்ரோல் என்று பெயர். முதல் கன்ட்ரோலுக்கு நேரத்துக்கு முன்பே போய் விழுந்தோம். மார்க் போனது. இரண்டாவதிலும் அதே கதை. மெஹ்ரௌலி நெரிசலில் பிரேக்கும் கிளட்சுமாக மாற்றி மாற்றி மிதித்ததில் ஒரு கருகல் வாடை எழுந்தது. மூன்றாவது கன்ட்ரோலில் முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகையே வந்துவிட்டது. அங்கிருந்த அதிகாரி, மீசை வைத்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர், குனிந்து பார்த்தார். அடுத்த முறை புகையைப் பார்த்தால் வண்டியைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவேன் என்றார். விலக்கினால் முடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். முடிக்கவில்லை என்றால் கயிறு.

ஊர் தாண்டி ஒரு ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். இருபுறமும் கடுகு பூத்துக் கிடந்தது. அதை ரசிக்கும் நிலையில் இல்லை. எங்களுக்குப் பின்னால் கிளம்பிய வண்டிகள் ஒவ்வொன்றாகக் கை காட்டிவிட்டுப் போயின. நாத்தனார் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து உள்ளே பார்த்தாள்.

"மதினி, அந்த காத்து ஸ்க்ரூ சரியாத்தான திறந்தீங்க?"

"என்னையா கேக்க? நீ சொன்னபடிதான் திறந்தேன்."

"முக்கா ரெண்டு?"

"ஆமா, ரெண்டே முக்கா."

"ரெண்டே முக்கா இல்ல. முக்கா ரெண்டு!"

"ரெண்டும் ஒண்ணுதாம்ட்டி, கூறுகெட்டவளே!"

"எப்படி ஒண்ணாகும்? சர்தார்ஜி 'பௌனே தோ'ன்னு சொன்னார். மணி பௌனே தோ ஆச்சுன்னா ரெண்டு அடிக்க இன்னும் கால் மணி இருக்கு. பௌனேன்னா முக்கா, தோன்னா ரெண்டு. முக்கா ரெண்டு! நான் கரெக்டாத்தான சொன்னேன்?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ரெண்டுக்குக் கால் குறைவு. ஒன்றே முக்கால்! இந்திக்காரர்கள் மேலே ஏறி நின்று கீழே பார்த்து எண்ணுகிறார்கள். நாம் கீழே நின்று கூட்டிக்கொண்டு போகிறோம். நடுவில் ஒரு முழுச் சுற்று காற்று என் எஞ்சினுக்குள் அதிகமாகப் புகுந்துவிட்டது. வலு என்று நாங்கள் பூரித்துப்போனது வெறும் காற்று.

"ஒண்ணே முக்கான்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்லாட்டி!"

"ஒண்ணு எங்க இருக்கு அதுல? அவர் ஒண்ணுன்னே சொல்லலியே!"

அவளை அறையலாமா என்று வந்தது. அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. ரோட்டோரத்தில், தோற்றுக்கொண்டிருக்கும் பந்தயத்தில், இருவரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். தப்பு அவளுடையது என்பது இன்றுவரை என் கட்சி. என் காதுதான் கோளாறு என்பது அவள் கட்சி.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஒரே ஒரு முழுச் சுற்று மூடினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்து, உறுமாமல், தணிந்த குரலில் ஓடியது. சீட்டில் உட்கார்ந்தால் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்படி ஓடியது. காலை வைத்தால் போனது, எடுத்தால் அடங்கியது. இதுதான் அந்த வண்டி. இத்தனை மாதம் நான் புத்தகத்தில் படித்த வண்டி.

"எவ்வளவு லேட்?"

"ரொம்ப. கடைசி கன்ட்ரோல் மூடுறதுக்குள்ள போகணும்னா... ஜல்தி மதினி, ஜல்தி!"

அதற்குப் பிறகு ஓட்டியதை நினைத்தால் இப்போதும் என் வலது கால் துறுதுறுக்கிறது. சோஹ்னா சாலை நீளமாக, ஆளரவம் இல்லாமல் கிடந்தது. மூன்றாவது கியரில் முழுதாக அழுத்தினேன். முதல் நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி முன்னால் எங்கோ மெல்லிய விசில் ஒன்று கிளம்பி ஏறியது, முதுகு சீட்டில் அமுங்கியது, சாலை எங்களை நோக்கி ஓடி வந்தது. டர்போ! நாலு இன்ஜெக்டரும் ஒரே மட்டத்தில் தூவ, அது காற்றைத் திணித்துக்கொண்டே இருந்தது. நாத்தனார் வீறிட்டாள். பயத்தில் என்று நினைத்துக் காலை எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க!" என்று கத்தினாள். எங்களைத் தாண்டிப் போனவற்றில் பின்தங்கிய ரெண்டு மூன்று வண்டிகளைத் தாண்டினோம், ஒவ்வொன்றுக்கும் கை காட்டினோம். நான் அதுவரை வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை.

சாணக்யபுரியில் கடைசி கன்ட்ரோலின் மேஜையை மடக்கப் போகும் நேரத்தில் போய் நின்றோம். மார்க்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. பரிசு வரிசையில் எங்களுக்கு இடமே இல்லை. ஆனால் அதே மீசைக்கார அதிகாரி சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, 'முடித்தார்கள்' என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கணவர் பஸ் பிடித்து வந்து அங்கே நின்றிருந்தார். பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அகலமான சாலை காலியாகக் கிடந்தது. நான் ஒரு தடவை அழுத்திக் காட்டினேன். பின்னாலிருந்து "அரே! அரே வாஹ்!" என்று குரல் வந்தது. ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் கபாடிக்காரருக்கு வாக்குக் கொடுத்தவர், மலிவும் லாபமும் பார்க்கிறவர்.

வீட்டு வாசலில் கபாடிக்காரர் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். வண்டி தானாக ஓடி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, மூடியில் காதை வைத்துக் கேட்டார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவரிடம் போனார். உடைக்க மாட்டேன், ஓட்டுகிற வண்டியாகவே எடுத்துக்கொள்கிறேன், பேசியதைப் போல் இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். என் கணவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். கபாடிக்காரர் மூன்று மடங்கு என்றார். நாத்தனார் என் கையை இறுகப் பிடித்தாள். நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. இறக்கிவிட்டுத்தான் பார்க்கட்டுமே என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் கணவர் வாயைத் திறந்தார். டில்லியில் பிறந்து, வெளியே ஒரு சொல் தமிழ் பேசியறியாத அந்த மனிதர், தன் அப்பாவின் குரலில், தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"விக்கதுக்கு இல்லடே! எம்பொண்டாட்டி வண்டி அது! போடே!"